முத்துக்கரை யாத்திரை: கும்பிட்டுத் திரும்பினால் போதுமா?

கடல் இல்லாத துறைமுகம் ஒன்று உண்டு. அதன் பெயர் கொற்கை!

தூத்துக்குடி மாவட்டத்தில், ஏரல் பக்கத்தில் இருக்கிறது இந்தச் சிற்றூர். சுற்றிலும் வயலும் வாழையும். ஊரில் ஒரு குளம் உண்டு. வயது முதிர்ந்த வன்னி மரம் ஒன்றும் உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும்.

ஆனால், 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊரின் வாசலிலே கடல் இருந்தது. பாண்டிய மன்னர்களின் துறைமுகம் இதுதான். இந்தக் கடலில் எடுத்த முத்து, கடல் கடந்து ரோமாபுரி வரை போனது.

இன்று இந்தக் கரைக்கு யாத்திரை வருகிறவர்கள் ஏராளம். ஜூலை 26-ந் தேதி தூத்துக்குடி பனிமய மாதா கோவிலில் கொடி ஏறும். ஆகஸ்டு 5-ந் தேதி பெருவிழா. செப்டம்பர் 14-ந் தேதி மணப்பாடு திருச்சிலுவைக் கோவிலில் திருவிழா. இன்னும் தெற்கே போனால் உவரி அந்தோணியார் கோவில். வேன் பிடித்து வருகிற குடும்பங்கள் உண்டு. பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. நேர்ந்துகொண்டு நடந்தே வருகிறவர்களும் உண்டு.

வருகிறார்கள். மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். முழங்காலில் நின்று ஜெபிக்கிறார்கள். நேர்ச்சை செலுத்துகிறார்கள். பிள்ளைகள் கடலில் கால் நனைக்கிறார்கள். பிறகு, ஊர் திரும்புகிறார்கள்.

தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் போகிற பாதையிலேயே கொற்கைக்குப் பிரிகிற வழியும் இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்புகிற வண்டிகள் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம்!

கும்பிடுவதற்காக வந்தவர் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், இந்தக் கரை அவருக்குக் கொடுப்பதற்கு வைத்திருப்பதில் பாதியை அவர் வாங்காமலே போய்விடுகிறார்.

கதையில் வராத ஆள்

முத்து வியாபாரி கதையைக் கேட்காத கிறிஸ்தவக் குழந்தை இருக்க முடியாது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் வருகிற கதை அது. நல்ல முத்துக்களைத் தேடி அலைந்தான் ஒரு வியாபாரி. விலை உயர்ந்த ஒரு முத்தைக் கண்டான். தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் விற்றான். அந்த ஒரு முத்தை வாங்கினான். பரலோக ராஜ்யம் அப்படிப்பட்டது என்று இயேசுநாதர் சொன்னார்.

அந்தக் கதையில் வாங்கியவன் இருக்கிறான். விற்றவனும் எங்கோ இருந்திருப்பான். ஆனால், கடலுக்கு அடியில் போய் அந்த முத்துச் சிப்பியை எடுத்து வந்தானே ஒருவன், அவன் கதையில் வரவில்லை.

கொற்கைக் கரைக்கு வருகிற யாத்திரிகருக்கு அவன் நினைவு வர வேண்டும். ஏன் என்றால், இது அவன் ஊர்!

முத்துக் குளிப்பது எப்படி? விடியற்காலையில் தோணிகள் புறப்படும். சிப்பி கிடக்கும் திட்டை அடைந்ததும் நங்கூரம் போடுவார்கள். குளிக்கிறவர் ஒரு கனமான கல்லில் கால் வைப்பார். கல்லில் கயிறு கட்டியிருக்கும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். கல் அவரை அடியிலே கொண்டுபோய் விடும். ஒரு நிமிஷம், அல்லது அதற்குச் சற்று மேல். அந்த நேரத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையில் போட வேண்டும். பிறகு கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் சரசரவென்று இழுத்துக்கொள்வார்.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது? மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்று இந்தக் கரையிலே சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலி இழக்க எந்த மச்சானும் சம்மதிக்க மாட்டான் அல்லவா? ஒருவனுடைய உயிர் இன்னொருவன் கையில் இருந்தது. அந்தக் கயிறுதான் அவர்களுக்கு நம்பிக்கை.

இத்தனை பாடுபட்டு எடுத்த சிப்பியில் குளித்தவருக்கு என்ன கிடைத்தது? ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடியில் சிப்பிகளை 3 பங்காகப் பிரித்தார்கள். 2 பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு!

அதற்கும் முந்திய காலம் இன்னும் கொடுமை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடல் பயணக் குறிப்பு இருக்கிறது. பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றி அதிலே ஒரு செய்தி வருகிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே முத்து எடுக்கிறார்கள் என்பது அந்தச் செய்தி!

ரோமாபுரிச் சீமாட்டிகள் அணிந்த முத்துக்குப் பின்னால் ஒரு கைதியின் மூச்சு இருந்தது. இதை அறிந்த பிறகு முத்து வியாபாரி கதையைப் படித்தால், மனம் வேறு மாதிரி துடிக்கும். அந்தத் துடிப்பும் ஒரு ஜெபம்தான்.

கடல் எங்கே போயிற்று?

கொற்கைக் கடல் எப்படி மறைந்தது? அதை ஆராய்ந்து விளக்கியவர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். அவர்தான் கால்டுவெல்.

அயர்லாந்தில் 1814-ம் ஆண்டு பிறந்தவர். 1838-ம் ஆண்டு சென்னைக்கு வந்தார். பிறகு திருநெல்வேலிச் சீமையை நோக்கி நடந்தே வந்தார். இடையன்குடியில் தங்கினார். பள்ளிக்கூடம் வைத்தார். கோவில் கட்டினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலை 1856-ம் ஆண்டு வெளியிட்டார். 1877-ம் ஆண்டு பிஷப் ஆனார். 1891-ம் ஆண்டு கொடைக்கானலில் இறந்தார். அவரது உடல் இடையன்குடியிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

இந்தப் பாதிரியார் கொற்கைக்கு வந்து மண்ணைத் தோண்டினார். ஜெபம் சொல்ல வேண்டியவருக்கு மண்வெட்டி எதற்கு? தாம் வாழும் மண்ணின் கதையை அறிய வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. மண்ணுக்கு அடியில் கடல் சிப்பிகளைக் கண்டார். பழைய தாழிகளைக் கண்டார். இது ஒரு காலத்தில் கடற்கரை என்று தெளிந்தார்.

காரணம் தாமிரபரணி! பொதிகை மலையில் பிறந்து வருகிற அந்த ஆறு, ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து கடல் முகத்தில் கொட்டியது. கரை முன்னேறியது. கடல் பின்வாங்கியது. கொற்கைக்குக் கப்பல் வர முடியவில்லை. ஆகவே, கடலுக்குப் பக்கத்தில் காயல் என்ற புதுத் துறைமுகம் எழுந்தது. அந்த இடம்தான் இன்றைய பழையகாயல். கொஞ்ச காலத்தில் அதுவும் மண்மேடு ஆயிற்று. பிறகு, ஆறு கடலில் விழும் இடத்தில் புன்னைக்காயல் சிறந்தது. அதன் பிறகு தூத்துக்குடி பெரிய துறைமுகம் ஆயிற்று.

தாய், மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று 4 தலைமுறை! மூத்தவள் கொற்கை.

கால்டுவெல் சொன்ன கொற்கையின் பழமையைப் பிற்கால ஆராய்ச்சி உறுதி செய்தது. 1968, 1969-ம் ஆண்டுகளில் தமிழக அரசின் தொல்பொருள் துறையினர் இங்கே அகழாய்வு செய்தார்கள். கிடைத்த கரித்துண்டைச் சோதித்தபோது, சுமார் கி.மு. 785 என்ற காலம் கிடைத்தது. 2021-ம் ஆண்டு மீண்டும் தோண்டினார்கள். செங்கல் கட்டடத்தின் பகுதியும், சுடுமண் குழாயும், சங்கு வளையல் துண்டுகளும் வெளிப்பட்டன.

கொற்கையைப் பார்க்கும் கிறிஸ்தவ யாத்திரிகருக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. மன்னர்களின் துறைமுகம் வயலாகிவிட்டது. கப்பல் நின்ற இடத்தில் மாடு மேய்கிறது. உலகத்து மேன்மை எல்லாம் நிலையற்றது என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருப்பார். இங்கே அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்!

சுறாவுக்கு மந்திரம்

அடுத்த ஊர் பழையகாயல். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகர யாத்திரிகர் மார்கோ போலோ இந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதினார். ஓர்முஸ், ஏடன் முதலிய இடங்களில் இருந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் இங்கே வந்தன என்கிறார். பின்னாளில் கால்டுவெல் வந்து பார்த்தபோது, மைல் கணக்கில் ஓடும் பானைத் துண்டும் சிதறிக் கிடந்தன. சீனத்துப் பீங்கான் சில்லும் அவற்றில் இருந்தது.

மார்கோ போலோ முத்துக்குளிப்பு பற்றியும் ஒரு வேடிக்கையான செய்தி சொல்கிறார். கடலில் சுறா பயம் அதிகம். ஆகவே, சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரவாதிகளை அழைத்துப் போவார்களாம். கிடைத்த முத்தில் அரசனுக்கு 10-ல் ஒரு பங்கு. மந்திரவாதிக்கு 20-ல் ஒரு பங்கு!

இந்த வழக்கம் 19-ம் நூற்றாண்டு வரை நீடித்தது. அந்த ஆளுக்குக் கடல்கட்டி என்று பெயர். எதிர்க்கரையான இலங்கையில் முத்துக்குளிப்பைப் பார்த்து எழுதிய டென்னென்ட் என்பவர், தம் காலத்துக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகிறார். அவர் மந்திரத்தை எல்லா மதத்தாரும் நம்பினார்களாம்!

சிரிக்கத் தோன்றும். ஆனால், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டுக் கடலில் இறங்கப் போகிறவனை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும். பயம் உள்ள இடத்தில் மனிதன் எதையாவது பிடித்துக்கொள்கிறான். கயிறு, மந்திரம், மாதாவின் பெயர். அவனைக் கேலி செய்ய நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மணி அடித்துக்கொண்டு வந்தவர்

1542-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அவர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பரதவ மக்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். கடலில் அவர்களுக்கும் பிற வணிகர்களுக்கும் பெரும் சண்டை. போர்த்துகீசியரின் பாதுகாப்பைத் தேடி அவர்கள் கொச்சிக்குத் தூது போனார்கள். பாதுகாப்பு கிடைத்தது. ஞானஸ்நானமும் கிடைத்தது. ஆனால், ஜெபம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை!

இதை மூடி மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. உயிருக்குப் பயந்து ஒதுங்கிய இடத்தில் ஒரு சமுதாயம் விசுவாசத்தைக் கண்டது. பிறகு 400 ஆண்டுகளுக்கு மேலாக அதைக் காப்பாற்றி வருகிறது. உண்மைக் கதை, அலங்கரித்த கதையைவிட உயர்ந்தது.

சவேரியார் பாரிஸ் நகரில் படித்தவர். ஆனால், தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்தார். ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கினார். மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மணிச்சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544-ம் ஆண்டு அவர் கடிதம் எழுதினார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் வடுகர் படை குமரிக் கரையைத் தாக்கியது. மக்கள் கடல் பாறைகளில் ஏறித் தப்பினார்கள். உணவு இல்லை. தண்ணீர் இல்லை. செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டில் இருந்து 20 தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. போய்ச் சேர முடியவில்லை. பிறகு தரை வழியாகவே போனார். மக்களைத் துன்புறுத்திய போர்த்துகீசிய அதிகாரிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. தம் நாட்டார் பக்கத்து ஆட்கள் என்று பார்க்காமல், மனம் கொதித்துக் கடிதங்கள் எழுதினார்.

மணப்பாட்டில் கடல் ஓரத்தில் ஒரு குகை இருக்கிறது. சவேரியார் அங்கே தங்கி ஜெபம் செய்தார் என்று ஊரார் சொல்வார்கள். குகைக்குள் குனிந்து போகிற யாத்திரிகர் கண்களை மூடி ஜெபிக்கிறார். நல்லது. வெளியே வந்ததும் கண்களைத் திறந்து கடலைப் பார்க்க வேண்டும். 20 தோணிகள் போராடிய கடல் அது! பசித்தவனுக்குச் சோறு கொண்டுபோவதும் யாத்திரைதான் என்பதை அந்தக் கடல் சொல்லும்.

முத்துக்குளித்தவர் கொடுத்த காசு

புன்னைக்காயல் இன்று ஒரு மீனவர் ஊர். எழுத்தறிந்த ஒவ்வொரு தமிழரும் இந்த ஊர் இருக்கும் திசை நோக்கி ஒரு கும்பிடு போட வேண்டும்.

சவேரியாருக்குப் பின் இங்கே வந்தவர் அன்றிக் அடிகளார். போர்த்துகல் நாட்டவர். 1520-ம் ஆண்டு பிறந்தவர். தமிழை முறையாகக் கற்றார். இலக்கணக் குறிப்பு எழுதினார். 50 ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கரையிலேயே உழைத்தார். 1600-ம் ஆண்டு மறைந்தார்.

அவர் மொழிபெயர்த்த தம்பிரான் வணக்கம் என்ற சிறு நூல் 1578-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி கொல்லத்தில் அச்சாகி முடிந்தது. மொத்தம் 16 பக்கம்தான். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் அது. அந்த எழுத்து தமிழ் எழுத்து!

அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தது யார்? அரசர் அல்ல. ஜமீன்தார் அல்ல. இந்தக் கரையில் வாழ்ந்த பரதவ மக்கள்!

அவர்களில் பலருக்கு அன்று எழுதப் படிக்கத் தெரிந்திருக்காது. ஆனாலும், தங்கள் மொழியில் ஒரு புத்தகம் வேண்டும் என்று விரும்பினார்கள். கடலில் பாடுபட்டுச் சேர்த்த காசை அதற்குக் கொடுத்தார்கள். புதிதாக எழுத்துக் கற்றுக்கொண்டு பத்திரிகை படிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. இன்று நாம் படிக்கிற ஒவ்வொரு அச்செழுத்துக்கும் முன்னால் ஒரு முத்துக்குளிப்பவரின் காசு இருக்கிறது.

"பக்திக்குப் பானை ஓடு எதற்கு?"

சிலர் கேட்பார்கள். "நாங்கள் மாதாவைக் கும்பிட வருகிறோம். கொற்கையில் கிறிஸ்தவக் கோவில் பிரசித்தம் இல்லையே? பாண்டியன் துறைமுகமும் பானை ஓடும் எங்களுக்கு எதற்கு?"

நியாயமான கேள்விதான். பதில் பைபிளிலேயே இருக்கிறது. இயேசுநாதர் பிறந்த கதையை லூக்கா எப்படிச் சொல்கிறார்? எந்த ராயன் ஆண்டான், எந்த ஊரில் குடிமதிப்பு எழுதினார்கள் என்று சொல்லித்தான் தொடங்குகிறார். பெத்லகேம் ஒரு ஊர். நாசரேத் ஒரு ஊர். பிலாத்து ஒரு கவர்னர். இடமும் காலமும் இல்லாத விசுவாசம் கிறிஸ்தவ விசுவாசம் அல்ல. கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் தாயார் ஹெலனா, 4-ம் நூற்றாண்டில் முதிர்ந்த வயதில் எருசலேமுக்குப் போனார். அந்தந்த இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதுதானே அந்த அம்மாளின் ஆசை?

எருசலேமுக்குச் சரியானது முத்துக்கரைக்கும் சரியானதே.

கொற்கை ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமான ஊர் அல்ல. அங்கே ஊர் மக்கள் கும்பிடுகிற அம்மன் கோவில் இருக்கிறது. பக்கத்தில் அக்கசாலை என்ற இடம் இருக்கிறது. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம் என்று பொருள். இன்னும் தெற்கே போனால் காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்கள். அதற்கு அப்பால் திருச்செந்தூர் முருகன் கோவில். பிறகு மணப்பாட்டுச் சிலுவை. ஒரே கடற்கரையில் 3 மதத்தாரும் கும்பிடுகிறார்கள்! இந்தப் பாதையில் கண் திறந்து வருகிற கிறிஸ்தவர், தம் மதத்தின் மீது உள்ள அன்பில் ஒரு துளியும் இழக்க மாட்டார். அடுத்தவர் மீது உள்ள அன்பு மட்டும் கூடும்.

"கொற்கையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வெறும் வயல்தானே!" என்பார் இன்னொருவர். கோபுரம் இருந்தால் கண் பார்த்துக்கொள்ளும். வயலைப் பார்த்து, அதற்கு அடியில் கடல் இருந்ததை நினைப்பதற்கு மனம் வேண்டும். காணாததை நம்புகிறவர்கள்தானே விசுவாசிகள்? அவர்களுக்கு இது கஷ்டமா என்ன?

தங்கத் தேரும் வெறும் தோணியும்

தூத்துக்குடி பனிமய மாதா கோவிலுக்கு 1806-ம் ஆண்டு தங்கத் தேர் ஓடியது. பரதவர்களின் தலைவர் முன்னின்று செய்த தேர் அது. இன்றும் விசேஷமான ஆண்டுகளில் மட்டும் அது வெளியே வருகிறது. இப்போதுள்ள கோவில் எழுந்தது 1713-ம் ஆண்டு. அதன் 300-ம் ஆண்டு விழாவான 2013-ல் தேர் ஓடியபோது ஊரே திரண்டது.

தேர் மின்னுகிறது. கண் கூசுகிறது. ஆனால், அந்தக் கோவிலைச் சுற்றி வாழும் மக்களின் பழைய தொழில் என்ன ஆயிற்று? அரசாங்கம் நடத்திய பெரிய முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. சிப்பித் திட்டுகள் பலன் தரவில்லை. 1973-ம் ஆண்டு தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அது பெரிய சாதனை. ஆனால், கல்லில் கால் வைத்துக் கடலில் இறங்கிய அந்தப் பழைய தலைமுறை போய்விட்டது. இன்று சங்கு குளிக்கிறவர்கள் உண்டு. மீன் பிடிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் தினமும் கடலோடு போராடுகிறார்கள்.

யாத்திரை வருகிறவர்கள் கோவிலில் அரை மணி நேரம் நிற்கிறார்கள். கடற்கரையில் ஒரு கால் மணி நேரம் நின்று, வலை பின்னுகிற பெரியவரிடம் "உங்கள் அப்பா முத்துக் குளித்தாரா அய்யா?" என்று கேட்கலாமே! அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருக்கிற கதைகள் எத்தனையோ! கேட்பார் இல்லாமல் அவை அந்தப் பெரியவர்களோடு புதைந்து போகின்றன. கொற்கைக் கடலை மண் மூடியது. இந்தக் கதைகளை நம் அவசரம் மூடுகிறது.

கைப்பிடி மண்

மயிலாப்பூரில் தோமையார் கல்லறையைப் பற்றியும் மார்கோ போலோ எழுதியிருக்கிறார். அங்கே கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வந்தார்களாம். வருகிறவர்கள் அந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப் போய், நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுப்பார்களாம். சவேரியாரும் 1545-ம் ஆண்டு அந்தக் கல்லறையைத் தேடிப் போய், மாதக்கணக்கில் தங்கி ஜெபித்தார்.

புனித இடத்தில் இருந்து ஒரு கைப்பிடி மண்ணாவது எடுத்துப் போக வேண்டும் என்ற ஆசை யாத்திரிகருக்கு இயல்பு. ஆனால், கொற்கையிலும் பழையகாயலிலும் அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். வயலில் கிடக்கும் பானைச் சில்லு ஒரு விளையாட்டுப் பொருளாகத் தெரியலாம். ஆராய்கிறவருக்கு அது கிடந்த இடம்தான் முக்கியம். வீட்டு அலமாரிக்குப் போய்விட்டால் அது ஊமை ஆகிவிடும். பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காட்டலாம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

கடற்கரையில் பிளாஸ்டிக் பையையும் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் போட்டுவிட்டு வருவதும் அப்படித்தான். கோவிலுக்குள் செருப்பைக் கழற்றுகிறோம். கோவிலுக்கு வெளியே கடலைக் குப்பைத்தொட்டி ஆக்குகிறோம். இந்த மன்னார் வளைகுடாக் கடல்தான் இங்குள்ள மக்களுக்குச் சோறு போடுகிறது.

பங்குக் கோவில்களில் யாத்திரை ஏற்பாடு செய்கிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கலாம். முதலில் கொற்கை. பிறகு பழையகாயல். அதன் பிறகு புன்னைக்காயல், மணப்பாடு. கடைசியில் தூத்துக்குடி மாதா. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரையோ, விஷயம் தெரிந்த பெரியவரையோ அழைத்து, 10 நிமிஷம் பேசச் சொல்லலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அப்படி வருகிற குடும்பம் கடைசியில் மாதாவின் முன்னால் நிற்கும்போது, அவர்களுடைய ஜெபம் கொஞ்சம் நீளமாகும். தங்கள் வீட்டுக் கவலையோடு இன்னும் சிலர் பெயரும் அதில் சேர்ந்துகொள்ளும். கொற்கையில் முத்தெடுத்த அந்தப் பெயர் தெரியாத கைதி. மச்சானை நம்பிக் கடலில் இறங்கியவன். பாறையில் பசியோடு காத்திருந்த தாய். எழுதப் படிக்கத் தெரியாமலே புத்தகத்துக்குக் காசு கொடுத்தவன். இன்று அதிகாலையில் தோணி தள்ளிப் போனவன்.

அடுத்த ஆகஸ்டு மாதம் மாதா கோவிலுக்குப் புறப்படுகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே புறப்படட்டும். கொற்கை வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்தட்டும். பிள்ளைகளை இறக்கி, "இங்கேதான் கப்பல் நின்றது" என்று காட்டட்டும்!